‘பரவல்’ என்னும் சொல்: எச்.ஐ.வி. பற்றிய தமிழ் எழுத்தில் ஒரு பொருள்மயக்கம்

1. முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986ஆம் ஆண்டில் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பயின்ற செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடமிருந்து இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூரில் நடந்த சோதனையில் அவற்றுள் ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 1992இலும் தமிழ்நாட்டு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் 1994இலும் தோன்றின. அன்று தொட்டுத் துண்டு வெளியீடுகள், சுவரொட்டிகள், பாடநூற் பகுதிகள், செய்திக் கட்டுரைகள், அறிக்கைகளின் மொழிபெயர்ப்புகள் எனப் பெருந்தொகையான எழுத்து தமிழில் உருவாகியுள்ளது.

இவ்வெழுத்தைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கம் என்னும் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. ‘வைரஸ்’ என எழுதுவதா, ‘நச்சுயிரி’ என எழுதுவதா, ‘தீநுண்மி’ என எழுதுவதா என்பது போன்ற வினாக்களே மிகுதியாக எழுப்பப்படுகின்றன. இவை எளிய வினாக்கள். மூன்றில் எதை ஆண்டாலும் சுட்டப்படும் பொருள் ஒன்றே. இடர்ப்பாடு வேறோர் இடத்தில் உள்ளது. யாவரும் அறிந்த, எவரும் ஐயுறாத, கலைச்சொல்லாகவே தோன்றாத ஒரு சொல்லில் அது உள்ளது. அச்சொல் ‘பரவல்’. இச்சொல்லும் இதன் வினையடியும் எச்.ஐ.வி. பற்றிய தமிழ் எழுத்தில் எவ்வெப்பொருளில் வழங்குகின்றன, அவ்வழக்கால் படிப்போர் அறிவிலும் தொற்றுள்ளோர் வாழ்விலும் நேரும் விளைவுகள் யாவை என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். எடுத்துக்காட்டுகளாகத் தரப்படும் தொடர்கள் இத்துறை எழுத்தில் இயல்பாக வரும் தொடர்வகைகளைக் காட்டும் பொருட்டு அமைக்கப்பட்டவை.

2. ஒரு சொல், நான்கு பொருள்

பின்வரும் நான்கு தொடர்களை ஒப்புநோக்கலாம்.

(1) இரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. பரவல் நிகழ்கின்றது.
(2) இவ்வாண்டில் எச்.ஐ.வி. பரவல் கடந்த ஆண்டைவிடக் குறைவு.
(3) வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் 0.21 விழுக்காடு.
(4) நகரங்களிலிருந்து சிற்றூர்களுக்கு எச்.ஐ.வி. பரவல்.

நான்கும் இலக்கண வழுவற்ற தொடர்கள். ஆயின் நான்கிலும் ‘பரவல்’ வெவ்வேறு பொருளைக் குறிக்கின்றது. (1) ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் கிருமி செல்லும் நிகழ்வு. ஆங்கிலத்தில் டிரான்ஸ்மிஷன் எனப்படுவது. (2) குறிப்பிட்ட காலத்தில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானோரின் அளவு, இன்சிடென்ஸ் எனப்படுவது. (3) குறிப்பிட்ட காலப்புள்ளியில் மக்கள்தொகையில் தொற்றுள்ளோர் அனைவரின் பங்கு, பிரிவலன்ஸ் எனப்படுவது. (4) இடத்தாலும் மக்கட் பிரிவாலும் நோய் விரிந்து செல்லுதல், ஸ்பிரெட் எனப்படுவது. மூலமொழியில் நான்கு சொற்களாக நிற்பவை தமிழில் ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இவ்வடக்கத்திற்குக் காரணம் தொழிற்பெயரின் இயல்பே ஆகும். ‘பரவு’ என்னும் வினை நிகழ்வையும் குறிக்கும், நிகழ்வின் முடிவில் எஞ்சும் நிலையையும் குறிக்கும். ‘தண்ணீர் பரவுகின்றது’ என்பது நிகழ்வு. ‘தரையெங்கும் தண்ணீர் பரவியிருக்கின்றது’ என்பது நிலை. வினைமுற்றில் இவ்வேறுபாட்டை ‘-கின்றது’, ‘-இருக்கின்றது’ என்னும் உருபுகள் காட்டிவிடுகின்றன. ‘பரவல்’ எனத் தொழிற்பெயராக்கியவுடன் அவை நீங்கிவிடுகின்றன. ஆகவே மயக்கம் வினையில் இல்லை, பெயராக்கத்தில் உள்ளது. செய்தித் தலைப்புகளும் அறிக்கைகளும் பெயர்த்தொடர்களையே விரும்புவதால் மயக்கமும் அங்கேயே மிகுகின்றது.

இச்சொல்லின் மீது வேறொரு சுமையும் உள்ளது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் ‘பரவல்’ என்பது புள்ளியியலில் மதிப்புகள் பங்கிடப்பட்டுள்ள அமைப்பைக் குறிக்கும் கலைச்சொல்லாகும். ‘நிகழ்தகவுப் பரவல்’, ‘இயல்நிலைப் பரவல்’ என்பவை காண்க. இலங்கை வழக்கில் இப்பொருளுக்குப் ‘பரம்பல்’ என்னும் சொல் ஆளப்படுகின்றது. திரும்பு–திருப்பு, எழும்பு–எழுப்பு, நிரம்பு–நிரப்பு என்னும் இணைகளை நோக்கின், ‘பரப்பு’ என்னும் பிறவினைக்கு ஒழுங்கான தன்வினை இணை ‘பரம்பு’ என்பது புலனாகும். தமிழ்நாட்டு வழக்கில் அவ்விடத்தைப் ‘பரவு’ பெற்றுக்கொண்டது. இலங்கைத் தமிழ் இரு வினைகளையும் காத்து இரு கலைச்சொற்களைப் பெற்றது. தமிழ்நாட்டுத் தமிழ் ஒன்றைக் கொண்டே யாவற்றையும் நிரப்ப முயல்கின்றது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் ‘சமூகப் பரவல்’ என்னும் தொடர் வழக்கூன்றி, முதற்பொருளாகிய டிரான்ஸ்மிஷன் என்பதை இச்சொல்லோடு மேலும் இறுக்கிப் பிணைத்துவிட்டது. அதே ஆண்டுகளில் எச்.ஐ.வி. புள்ளிவிவரங்கள் இதே சொல்லை மூன்றாம் பொருளில் ஆண்டு வந்தன.

3. எண்களைப் படித்தல்

3.1 கூடுதலும் குறைதலும்

(2), (3) ஆகிய பொருள்களைப் பிரிக்காமையால் நேரும் பிழையை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் பத்துப் பேருக்குத் தொற்று உள்ளது எனக் கொள்வோம். ஓராண்டில் இருவருக்குப் புதிதாகத் தொற்று ஏற்படுகின்றது. முன்னரே தொற்றுள்ளோரில் மூவர் சிகிச்சையின்றி இறக்கின்றனர். ஆண்டிறுதியில் தொற்றுள்ளோர் ஒன்பதின்மர். ‘பரவல் குறைந்தது’ என்று எழுதினால் மூன்றாம் பொருளில் அது உண்மை. ஆயின் குறைவுக்குக் காரணம் மரணம். மற்றோர் ஆண்டில் மருந்து கிடைக்கின்றது, எவரும் இறக்கவில்லை, ஒருவருக்கே புதிதாகத் தொற்று. தொற்றுள்ளோர் பத்திலிருந்து பதினொருவர் ஆகின்றனர். ‘பரவல் கூடியது’ என்று எழுதினால் அதுவும் மூன்றாம் பொருளில் உண்மையே. புதிய தொற்று பாதியாகக் குறைந்ததும் மூன்று உயிர்கள் காக்கப்பட்டதும் அத்தொடரில் மறைந்துபோகின்றன. நற்செய்தி தீச்செய்தியாகவும் தீச்செய்தி நற்செய்தியாகவும் படிக்கப்படுகின்றது.

இந்தியாவில் கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படத் தொடங்கிய நாள் 2004 ஏப்ரல் 1. தொடக்கத்திலேயே இத்திட்டத்தில் இடம்பெற்ற நிலையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. தொற்றுக் கண்டறியப்பட்ட அனைவருக்கும் உடனே சிகிச்சை என்னும் கொள்கை 2017இல் ஏற்கப்பட்டது. எனவே 2004க்குப் பின்வந்த எந்த எண்ணையும் புதிய தொற்று, தொற்றுள்ளோர் பங்கு, இறப்பு என்னும் மூன்றாகப் பிரித்தே படித்தல் வேண்டும். தேசிய அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் தொற்றுள்ளோர் ஏறத்தாழ 24 இலட்சம். வயது வந்தோரில் அவர்தம் பங்கு 0.21 விழுக்காடு, அவ்வாண்டில் புதிதாகத் தொற்றுக்கு ஆளானோர் ஏறத்தாழ 63 ஆயிரம், எய்ட்ஸ் தொடர்பான நோய்களால் இறந்தோர் ஏறத்தாழ 42 ஆயிரம். 2010ஐ நோக்கப் புதிய தொற்று ஏறத்தாழ 46 விழுக்காடும் இறப்பு ஏறத்தாழ 76 விழுக்காடும் குறைந்திருந்தன. புதிய தொற்றைவிட இறப்பு விரைந்து குறைந்தது என்பதே இவ்வெண்கள் சொல்லும் முதன்மையான செய்தி. ‘எச்.ஐ.வி. பரவல் குறைந்தது’ என்னும் ஒற்றைத் தொடரால் அச்செய்தியைத் தமிழில் சொல்லவே இயலாது.

3.2 ஒரு திருத்தமும் அதன் மொழியும்

2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் 57 இலட்சம் பேருக்குத் தொற்று இருந்ததாக ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் அமைப்பு மதிப்பிட்டிருந்தது. 2007இல் வெளியான 2006ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் அவ்வெண் ஏறத்தாழ 25 இலட்சமாகவும் வயது வந்தோரில் தொற்றுள்ளோர் பங்கு 0.36 விழுக்காடாகவும் அமைந்தன. முன்னைய மதிப்பீடுகள் பேறுகாலச் சேவைக்கு வரும் கருவுற்ற பெண்கள், பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வருவோர் முதலியோரிடம் நடந்த கண்காணிப்புச் சோதனைகளைச் சார்ந்திருந்தன. 2005–06இல் நடந்த மூன்றாம் தேசியக் குடும்பநல ஆய்வு ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் இரத்தத்தை வீடுவீடாகச் சென்று பெற்றுச் சோதித்தது. அதில் தொற்றுள்ளோர் பங்கு 0.28 விழுக்காடாகவே இருந்தது. கண்காணிப்பு நிலையங்களும் ஆயிரத்திற்கு மேல் பெருகியிருந்தன. அளக்கும் முறை திருந்தியது; எண் மாறியது.

இங்கே குறைந்தது நோயன்று, நோயைப் பற்றிய கணிப்பு. இதனைத் தமிழில் கூறும்போது ‘பரவல் பாதிக்கும் கீழாகக் குறைந்தது’ என்னும் தொடர் எளிதாக வந்து விழுகின்றது. அத்தொடரைப் படிப்பவர் ஓராண்டுக்குள் முப்பது இலட்சம் பேருக்குத் தொற்று நீங்கிற்று என்றோ அவர்கள் இறந்தனர் என்றோ கொள்ள வேண்டியிருக்கும், இரண்டும் பொய். ‘குறைந்தது’ என்னும் வினைக்கு எழுவாயாக நிற்க வேண்டியது ‘மதிப்பீடு’ என்னும் சொல். மொழிபெயர்ப்பாளர் அவ்வொரு சொல்லை விடும்போது அளவையியல் திருத்தம் மருத்துவ வெற்றியாக மாறிவிடுகின்றது.

3.3 ‘அதிகம் பரவியுள்ள மாநிலம்’

‘எச்.ஐ.வி. அதிகம் பரவியுள்ள மாநிலம் எது?’ என்னும் வினாவிற்கு இரு விடைகள் உண்டு. 2021 மதிப்பீட்டில் வயது வந்தோரில் தொற்றுள்ளோர் பங்கு மிகுந்த மாநிலம் மிசோரம். அங்கு அது 2.70 விழுக்காடு. அடுத்து நாகாலாந்தும் மணிப்பூரும். தொற்றுள்ளோரின் எண்ணிக்கை மிகுந்த மாநிலங்களோ மகாராட்டிரம், ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம் என்பவை. ‘அதிகம்’ என்னும் அளவுச்சொல் வீதத்தையும் குறிக்கலாம், தொகையையும் குறிக்கலாம். ‘பரவியுள்ள’ என்னும் பெயரெச்சம் இரண்டையும் தடையின்றி ஏற்கும். வடகிழக்கில் ஊசிவழிப் போதைப் பழக்கமும் தெற்கில் பாலுறவும் தொற்றின் முதன்மை வழிகளாக இருந்தமையால் இவ்விரு பட்டியல்களுக்கும் வேண்டிய தடுப்புப் பணிகளும் வெவ்வேறானவை. சொல்லில் பிரிவு இல்லாதபோது சிந்தனையிலும் பிரிவு இருப்பதில்லை.

4. தொற்றுதலும் தொடுதலும்

நோயியலில் ‘இன்ஃபெக்ஷன்’ என்பதற்குத் தமிழ் ‘தொற்று’ என்னும் சொல்லைத் தேர்ந்துள்ளது. பொருத்தமான, செறிவான சொல். ஆயினும் இதன் அடிப்படை வழக்கு பற்றிக்கொள்ளுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்பதாகும். பேருந்தின் படியில் தொற்றிச் செல்வோர் உண்டு. அருகிருப்பதாலும் தொடுவதாலும் வரும் நோயைப் பேச்சுவழக்கு ‘ஒட்டுவாரொட்டி’ என்று கூறும். ‘எய்ட்ஸ் ஒரு தொற்றுநோய்’ என்று முதல் வரியிலும் ‘தொட்டால் பரவாது, உடன் உண்டால் பரவாது, ஒரே ஆடையை உடுத்தினால் பரவாது’ என்று பத்தாம் வரியிலும் ஒரு துண்டு வெளியீடு கூறுமாயின், முதல் வரி ஏற்படுத்திய அச்சத்தைப் பத்தாம் வரி அழிக்க வேண்டியிருக்கின்றது. எதிர்மறைத் தொடர்களின் நீண்ட பட்டியல் இத்துறை எழுத்தில் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். சொல்லைக் கைவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. ‘தொற்றுநோய்’ என்னும் பொதுச்சொல்லைத் தவிர்த்து, இரத்தம், பாலுறவு, பேறு–பாலூட்டல் என்னும் வழிகளை முதலிலேயே கூறினால் அச்சம் எழாமலே தடுக்கலாம்.

‘எய்ட்ஸ் பரவும் விதம்’ என்னும் பழகிய தலைப்பிலும் ஒரு வழு உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வது எச்.ஐ.வி. என்னும் கிருமி; எய்ட்ஸ் என்பது சிகிச்சையின்றிப் பல ஆண்டுகள் கழிந்தபின் வரும் நோய்நிலை. நோய்நிலைக்கு 1982இல் பெயர் கிடைத்தது; கிருமிக்கு இன்றுள்ள பெயர் 1986இல்தான் உறுதிப்பட்டது. முந்திய பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. ‘எய்ட்ஸ் பரவுகின்றது’ என்னும் தொடரில் கிருமியும் நோய்நிலையும் ஒன்றாகிவிடுவதால், தொற்று உறுதியான நாளிலேயே ஒருவர் ‘எய்ட்ஸ் நோயாளி’ ஆகிவிடுகின்றார். ‘ஆட்கொல்லி நோய்’, ‘உயிர்க்கொல்லி நோய்’ என்னும் அடைமொழிகள் அந்த நாளையே மரண நாளாக்கின. ‘எய்ட்ஸுக்கு மருந்து இல்லை’ என்னும் தொடரும் இவ்வகையினதே. தமிழில் ‘மருந்து’ என்பது நோயை அறவே நீக்குவதையும் குறிக்கும், நோயை அடக்கி வைப்பதையும் குறிக்கும். முதற்பொருளில் தொடர் உண்மை. இரண்டாம் பொருளில் பொய். இரண்டாம் பொருளில் படித்தவர் சோதனைக்குச் செல்வதில் பயனில்லை என்று முடிவு செய்வார். ‘முற்றிலும் நீக்கும் மருந்து இல்லை, கட்டுப்படுத்தும் மருந்து உண்டு’ என்று இரண்டாகப் பிரித்துக் கூறுவதற்கு நான்கு சொற்களே மிகுதியாக வேண்டும்.

5. பரவுதலும் பரப்புதலும்

‘பரவு’ தன்வினை; ‘பரப்பு’ பிறவினை. முன்னதற்குக் கருத்தா வேண்டா. பின்னதற்குக் கருத்தா இன்றியமையாதது. ‘வதந்தி பரவியது’ எனின் குற்றவாளி இல்லை. ‘வதந்தியைப் பரப்பினர்’ எனின் குற்றவாளிகள் உளர். தமிழில் ‘பரப்பு’ என்னும் வினை கல்வி, புகழ், சமயம் முதலியவற்றோடு வரினும், வதந்தி, அவதூறு, நோய் ஆகியவற்றோடு வரும்போது கருத்தாவின் மனமறிந்த செயலையே உணர்த்துகின்றது.

(5) பாலியல் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள் ஆகியோரிடையே எச்.ஐ.வி. பரவியது.
(6) பாலியல் தொழிலாளர்களும் லாரி ஓட்டுநர்களும் எச்.ஐ.வி.யைப் பரப்பினர்.

(5) ஒரு கண்காணிப்புச் செய்தி. (6) ஒரு குற்றச்சாட்டு. இரண்டிற்கும் மூலமான ஆங்கிலத் தொடர் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஆங்கில ‘ஸ்பிரெட்’ தன்வினையாகவும் பிறவினையாகவும் வடிவ மாற்றமின்றி வருவது. அங்கே ஒளிந்திருக்கும் கருத்தாவைத் தமிழ் ஒற்றெழுத்தால் வெளிப்படுத்திவிடுகின்றது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ‘பரவு’, ‘பரப்பு’ என்பவற்றுள் ஒன்றைத் தேரும்போதெல்லாம் ஒரு தீர்ப்பை வழங்குகின்றார். அத்தீர்ப்பு மூலத்தில் இல்லாததாகவும் இருக்கலாம். 1986இன் முதற்சோதனையில் தொற்றிருப்பது அறியப்பட்ட பெண்களும் பிறரிடமிருந்தே அதைப் பெற்றவர்கள். (6) போன்ற தொடரில் அவர்கள் தோற்றுவாயாக மட்டுமே நிற்கின்றனர். பெற்றவர்கள் என்னும் உண்மை அத்தொடரில் இடம்பெற வழியில்லை.

‘இடமிருந்து’ என்னும் உருபும் இவ்வாறே நோக்கத்தக்கது. ‘தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுதல்’ என்னும் தொடரில் தாய் கொடுப்பவளாகவும் குழந்தை பெறுவதாகவும் அமைகின்றன. தடுப்பு முயற்சி எதுவுமில்லாதபோது இவ்வழியில் தொற்று ஏற்படும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. உரிய சிகிச்சையால் அதனை 5 விழுக்காட்டிற்கும் கீழாகக் குறைக்க இயலும். இந்தியத் திட்டம் ‘தாய்’ என்னாது ‘பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு’ என்னும் பெயரையே நெடுங்காலம் ஆண்டு வந்தது. தாய்க்குப் பெரும்பாலும் தொற்று வந்த வழி கணவன் என்னும் உண்மையை அப்பெயர் உள்ளடக்கியிருந்தது. மருத்துவ நோக்கில் கிருமி தாயுடலிலிருந்தே செல்கின்றது என்பது மெய். எனினும் ஒரு பெயரிலிருந்து பழியை நீக்கக் கொள்கை வகுத்தோர் எடுத்துக்கொண்ட இம்முயற்சியைத் தமிழாக்கங்களும் பின்பற்றுதல் வேண்டும். ‘தாய்’ என்று சுருக்கி எழுதும் பழக்கம் அதனை அழித்துவிடுகின்றது.

தடுப்புப் பரப்புரையில் எடுத்தாளப்பட்ட ‘ஒருவனுக்கு ஒருத்தி’ என்னும் மரபுத்தொடரும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. மரபின் மதிப்பும் எளிமையும் அதற்கு உண்டு. ஆகையால் அது விரைந்து பயன்பட்டது. அதன் வேற்றுமை அமைப்பை நோக்குக. நான்காம் வேற்றுமையைக் கொள்ளும் பொருளோடு தொல்காப்பியம் இணைத்துக் கூறுகின்றது. ‘ஒருவனுக்கு’ எனக் கொள்வோனாக ஆண் நிற்கின்றான், ‘ஒருத்தி’ கொள்ளப்படுபவள். அறிவுரை ஆணை நோக்கியது; அதை மீறுவோனும் ஆண்; மீறலின் விளைவை ஏற்பவளோ அறிவுரையை முழுமையாகக் கடைப்பிடித்த மனைவி. இந்தியாவில் தொற்றுள்ள பெண்கள் பலரும் தம் கணவர் ஒருவரோடு மட்டுமே உறவு கொண்டவர்கள். அவர்களுக்கு இத்தொடர் எந்தக் காப்பையும் தரவில்லை. அதற்கு மாறாக, தொற்று இருப்பதே ஒழுக்கக்கேட்டின் சான்று என்னும் எதிர்மறை முடிவுக்கு அது இடமளித்தது. ‘கணவருக்கும் சோதனை, மனைவிக்கும் சோதனை’ என்பது போன்ற சுவையற்ற தொடர் மரபின் அழகு இல்லாததேனும், காக்கும் ஆற்றல் உடையது.

6. ‘வருமா?’ என்னும் வினா

2003ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டுச் சுவர்களில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்னும் வினா காணப்பட்டது. மும்பையில் இதற்குச் சற்று முன்னர் ‘பல்பீர் பாஷா’ என்னும் கற்பனைப் பெயரோடு இந்தியில் இவ்வகை வினா வந்தது, தெலுங்கிலும் வந்தது. மூன்று மொழிகளிலும் நோய்க்கு ஆளாவோன் நான்காம் வேற்றுமையில் நிற்பது இந்திய மொழிகளின் பகுதிசார் பொதுப்பண்புக்குச் சிறந்த சான்றாகும். ‘அவனுக்குக் காய்ச்சல் வந்தது’, ‘எனக்குத் தூக்கம் வந்தது’ என்பவற்றில் போல நோய் தானே வருகின்றது. ஆளாவோன் எதையும் செய்வதில்லை.

இவ்வமைப்பின் நன்மை வெளிப்படை. பரப்பியவன் எவனும் இதில் இல்லை. எய்ட்ஸ், காய்ச்சலைப் போல யாருக்கும் வரக்கூடிய ஒன்றாகின்றது. பேசக் கூசிய நோயைத் தெருவின் பேச்சாக்கிய பெருமையும் இதற்கு உண்டு. குறையும் அவ்வமைப்பிலேயே உள்ளது. ‘வரு’ என்னும் வினை வழியைச் சொல்வதில்லை. எவ்வாறு வரும், எதனால் தடுக்கலாம் என்பவை வினாவிற்கு வெளியே நின்றுவிடுகின்றன. மேலும், படர்க்கைப் பெயர் படிப்போனை வினாவிலிருந்து விலக்கிவிடுகின்றது. ‘புள்ளிராஜாவுக்கு’ வருமா என்பதே கேள்வி. படிப்போனுக்கு வருமா என்பது கேள்வியன்று. காலப்போக்கில் அப்பெயர் கேலிச்சொல்லாயிற்று. (6) பழியைச் சுமத்திற்று. இவ்வினா பழியை நீக்கி, அதனோடு பொறுப்பையும் நீக்கிற்று. பழியின்றிப் பொறுப்பை உணர்த்தும் தொடரமைப்பே இத்துறை எழுத்திற்கு வேண்டுவது.

7. பரிந்துரைகள்

மேற்கண்ட ஆராய்ச்சியின் அடிப்படையில் பின்வரும் சொற்பிரிவினை மொழிபெயர்ப்பாளரின் பார்வைக்கு வைக்கப்படுகின்றது.

அ. கிருமி ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லுதல்: ‘தொற்றுதல்’, வழியைக் குறிக்கத் ‘தொற்றும் வழி’. ‘கடத்தல்’ என்னும் சொல் பொருளாற் பொருந்தினும் குற்றச் செயலோடு பிணைந்திருத்தலின் மனிதரைப் பற்றிய எழுத்தில் தவிர்க்கத்தக்கது.

ஆ. குறிப்பிட்ட காலத்தில் புதிதாக நேர்ந்தவை: ‘புதுத்தொற்று’, ‘புதுத்தொற்று வீதம்’.

இ. ஒரு காலப்புள்ளியில் உள்ளோரின் பங்கு: ‘தொற்றுள்ளோர் வீதம்’, கலைச்சொல்லாக வேண்டின் ‘நிலவல் வீதம்’. ‘அமைதி நிலவுகின்றது’, ‘வறட்சி நிலவுகின்றது’ எனத் தமிழில் ‘நிலவு’ நிலையை மட்டுமே குறிப்பது, நிகழ்வைக் குறிப்பதில்லை. ஆயினும் பொதுமக்களுக்கான எழுத்தில் முன்னதே சிறந்தது. அதில் வீதத்திற்குப் பின்னே மனிதர் இருப்பது தெரிகின்றது.

ஈ. இடத்தாலும் மக்கட் பிரிவாலும் விரிதல்: ‘பரவல்’. இச்சொல்லை இப்பொருளுக்கே உரியதாக்குதல் நன்று.

‘எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர்’ என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது. ‘பாதிக்கப்பட்டோர்’ என்னும் செயப்பாட்டுத் தொடரை நீக்க எழுந்த நன்முயற்சி அது. எனினும் ‘உடன் வாழ்’ என்பது தமிழில் மனிதரோடு கூடிவாழ்தலையே முதலில் உணர்த்தும். ‘சர்க்கரை உள்ளவர்’, ‘இரத்தக்கொதிப்பு உள்ளவர்’ என மக்கள் இயல்பாகக் கூறுவதைப் போல ‘எச்.ஐ.வி. உள்ளவர்’ என்பது எளிது. மற்ற நோய்களின் வரிசையில் இதனையும் வைப்பது.

இப்பிரிவினைக்கு ஒரு மறுப்பு எழலாம். மக்கள் ‘பரவல்’ என்றே பேசுகின்றனர். சூழல் பொருளை விளக்கிவிடும். புதிய சொற்கள் ஏட்டளவில் நின்றுவிடும் என்பர். மக்கள் பேச்சிற்கு இது பொருந்தும். தலைப்புக்கும் அட்டவணைக்கும் பொருந்தாது. அங்கே விளக்கும் சூழல் இல்லை. மேலும் இங்கே முன்வைக்கப்பட்டவை பெரும்பாலும் புதுச்சொற்களல்ல. வழக்கிலுள்ள சொற்களின் எல்லை வரையறையே. எச்.ஐ.வி., எய்ட்ஸ் என்பவற்றின் நீண்ட தமிழாக்கங்கள் மக்களிடையே நிலைபெறவில்லை. ‘நம்பிக்கை மையம்’ என்னும் பெயர் சோதனை நிலையங்களுக்கு நிலைபெற்றது. சுருக்கமும் பொருத்தமும் உள்ள சொல் வழக்கூன்றும் என்பதற்கு இது சான்று.

8. முடிவுரை

எச்.ஐ.வி. உள்ளோர்க்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அவர்கள்மீது வெறுப்பைத் தூண்டும் சொற்களை வெளியிடுவதையும் பரப்புவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. சொல்லின் தேர்வு இனி நடையைச் சார்ந்த செய்தி மட்டுமன்று. சட்டத்தைச் சார்ந்த செய்தியுமாகும். ‘பரப்பு’ என்னும் பிறவினைக்கு உரிய செயப்படுபொருள் எது என்பதையும் அச்சட்டம் மறைமுகமாகக் கூறிவிடுகின்றது. கிருமி பரவும், வெறுப்பே பரப்பப்படும்.

சிகிச்சையால் கிருமியின் அளவு அடங்கியவரிடமிருந்து பாலுறவு வழியாகத் தொற்றுதல் நிகழ்வதில்லை என்பதைப் பெரும் ஆய்வுகள் நிறுவியுள்ளன. சென்னையும் ஒரு களமாக இருந்த பன்னாட்டு ஆய்வொன்று, உடனடிச் சிகிச்சையால் இணையருக்குத் தொற்றுதல் 96 விழுக்காடு குறைந்ததை 2011இல் வெளிப்படுத்தியது. இனித் தமிழில் எழுத வேண்டிய முதன்மைச் செய்தி இதுவே: சிகிச்சையால் கிருமியின் அளவு அடங்கிய, தொற்று உள்ளவர் நெடுங்காலம் வாழ்வார், அவரிடமிருந்து பாலுறவு வழியாகப் பிறருக்குத் தொற்றாது. ‘தொற்றுள்ளோர்’ என்பதையும் ‘தொற்றுதல்’ என்பதையும் பிரித்துக் காட்டும் சொற்கள் இருந்தாலன்றி இச்செய்தியைத் தெளிவாக எழுத இயலாது. இரண்டையும் ‘பரவல்’ என்னும் ஒரு சொல்லால் குறிக்கும் வரை, தொற்றுள்ளோர் இருப்பதே நோய் பரவுவதாகப் படிப்போர் கொள்வர். அப்பிழையின் சுமையைத் தாங்குவோர் மொழிபெயர்ப்பாளர் அல்லர். தொற்றோடு தம் ஊரில், தம் தெருவில் வாழ்ந்து வருவோர்.